வெயிலில் வேகவைத்த வண்டி: கோவில்பட்டிக்கு இசியு சரிசெய்யப் போன பயணம்

சித்திரைக் கடைசியில், ஊரே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் வாரத்தில், மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு பைக்கில் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் என் வண்டி இரண்டு முறை, இரண்டும் முந்திச் செல்லும்போது, எஞ்சின் அணைந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் பிரேக் பிடித்த சத்தம் இதை எழுதும்போதும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன். அவர் கத்தவில்லை. திருமங்கலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் ஒருவரிடம் போனில் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குறையுள்ள வண்டியை இன்னொருவர் ஓட்டுவதற்கு விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்த வண்டி ஒன்றுதான் நான் என் சம்பளத்தில், யாரிடமும் யோசனை கேட்காமல் வாங்கியது. அதை நட்டு நட்டாகக் கழற்றுவார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் விடுப்புப் போட்டேன். அதற்குள் கோளாறு தீரவில்லை என்றால் ஞாயிறு வண்டி போய்விடும். இதுதான் பயணத்தின் காரணம்.

இதே தலைவலியோடு இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்கிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் பின்கதை. வண்டி ஒற்றை சிலிண்டர், முந்நூறு சிசிக்குச் சற்று மேல், ஒன்பது வருஷப் பழசு. எவ்வளவு பெட்ரோல் பீச்சுவது, எப்போது பொறி விடுவது என்பதையெல்லாம் இசியு என்கிற சின்னப் பெட்டி முடிவு செய்யும். போன ஐப்பசி மழையில் தெருவில் நின்ற தண்ணீர் சீட்டுக்கு அடியில் ஏறி என் இசியு செத்துப்போனது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. புதுப் பெட்டி எப்போது கிடைக்கும் என்று ஷோரூமில் கேட்டால் ‘சொல்றோம் மேடம்’ என்பதோடு சரி.

வெளிச்சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வண்டியோடு வந்த இசியுவுடன் ஒட்டிக்கொண்டு, அது சொல்லும் பெட்ரோல் அளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் பெட்டி. விலை குறைவு, பொருத்துவது சுலபம். ஆனால் பழைய இசியு உயிரோடு இருந்தால்தான் இது வேலை செய்யும். இன்னொன்று, பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முழுசாக உட்கார்ந்துகொள்ளும் பெட்டி. விலை கூடுதல், பொருத்துகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சைலன்சரை மாற்றிவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு முதல் வகையே போதும். எனக்கு இரண்டாவதை விட்டால் வழியில்லை.

பெட்டி வாங்குவது பாதி வேலைதான். அதற்குள் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை இருக்கும். எஞ்சின் இத்தனை சுற்று சுற்றும்போது, ஆக்ஸிலேட்டர் இவ்வளவு திறந்திருந்தால், இவ்வளவு பெட்ரோல் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். இதற்கு மேப் என்று பெயர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மேப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது யாரோ, எந்த ஊர்க் காற்றுக்கோ, எந்த பெட்ரோலுக்கோ போட்டது. நம் பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கு அளவே வேறு.

இந்த வேலைக்குத் தெற்கே கோவில்பட்டியில் யூசுப் பாய் என்று ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து, மாசி மாதமே போய்ப் பொருத்திக்கொண்டு வந்திருந்தேன். பெட்டி, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. கடையின் முன்பாதி அவர் குடும்பத்து இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், மண்வெட்டி எல்லாம் தாண்டி உள்ளே போனால் பின்வாசலில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் லேப்டாப்போடு பாய். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் மாதம் வண்டி பூப்போல ஓடியது. சித்திரையில் வெயில் ஏறியதும்தான் அந்த இரண்டு சம்பவங்களும். போன் செய்தபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தங்கச்சி, இங்கன நான் போட்ட பெட்டி இருவது வண்டியில ஓடுது. ஒருத்தரும் நிக்குதுன்னு வரல. வெளியூர்க்காரவிய மூணு பேரு மட்டும் இப்படிச் சொல்லுதாவ. முந்தும்போது கியர எறக்காம முறுக்குதீங்களோ என்னமோ.”

எனக்கு ஓட்டத் தெரியவில்லையாம். இருபது வருஷமாக ஓட்டுகிறேன். அந்தக் கோபத்தில்தான் பாதிப் பயணம் நடந்தது என்றும் சொல்லலாம்.

வியாழன் காலை 5.40க்கு மதுரையில் கிளம்பினேன். விருதுநகர் தாண்டி ஒரு டீ, சாத்தூரில் இன்னொன்று. நூறு கிலோமீட்டர்தான், நாற்கரச் சாலை, பைக்குக்குச் சுங்கம் கிடையாது. சாதாரணமாக ஒன்றே முக்கால் மணி நேரம். எனக்கு இரண்டரை மணி ஆனது, ஏனென்றால் ஒரு வாகனத்தையும் முந்தவில்லை. முன்னால் யார் போனாலும் அவர் பின்னாலேயே போனேன். சாத்தூர் தாண்டி ஒரு டிராக்டருக்குப் பின்னால் வைக்கோல் துகளைத் தின்றுகொண்டு வெகுதூரம் போனேன். டிராக்டர்க்காரர் இரண்டு முறை கையைக் காட்டி வழிவிட்டார், பிறகு திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனார்.

பஸ் ஸ்டாண்ட் அருகே விடுதியில் மின்விசிறி அறை, நாளுக்கு எழுநூறு ரூபாய். பையைப் போட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பாய் கடைக்குப் போனேன். “வாங்க தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே, நான் இறங்குவதற்குள் வண்டியை வாங்கி மரத்தடிக்கு உருட்டிப்போனார். டீ வந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு.

மேப் சரிபார்க்கப் பெரிய ஊர்களில் உருளை வைத்த இயந்திரத்தில் வண்டியைக் கட்டி ஓட்டுவார்கள். பாயிடம் அது கிடையாது, ரோடுதான். பெட்டியிலிருந்து என் போனுக்கு எல்லாக் கணக்கும் வந்து பதிவாகும். போனை டேங்க் மேல் பையில் வைத்துவிட்டு, கடம்பூர் ரோட்டில் நான் ஓட்ட, அவர் பின்னால் ஸ்கூட்டரில் வருவார். “மூணாவது கியரு, நாலாயிரம் சுத்து, கால்வாசி முறுக்கு. ஒரு கிலோமீட்டர் அப்படியே பிடிங்க. கை ஆடக் கூடாது.” சொல்வது சுலபம். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, மேலே போட்ட தாரையும் சேர்த்து மடித்து வைத்திருக்கிறது. வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் மணிக்கட்டும் கூடவே முறுக்கும். இருபுறமும் கோடை உழவு போட்ட வெறும் காடு, கட்டி கட்டியாகக் கறுப்பு. தூரத்தில் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன.

கடம்பூர் போய்த் திரும்ப நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே போளி சாப்பிட்டோம், தேங்காய்ப் போளி ஒன்று, பருப்புப் போளி ஒன்று. கடைக்காரரின் தகரப் பந்தலுக்குக் கீழே பாய் இரண்டு வண்டிகளையும் நுழைத்து நிறுத்தியிருந்தார், வாடிக்கையாளர் நிற்கத்தான் இடமில்லை. மறுபடி கிளம்பி, பாய் சொன்ன இடங்களில் எல்லாம் முறுக்கினேன், அடைத்தேன், திடீரென்று திறந்தேன். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. கடைக்குத் திரும்பி மரத்தடியில் போட்டுவிட்டுப் பதிவைப் பார்த்தார். எல்லா எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“வண்டில ஒண்ணும் இல்ல தங்கச்சி. நல்லா இருக்கு.”

“அப்ப நான் பொய் சொல்றேனா பாய்?”

“சே, அப்படிச் சொல்லுவனா? கியருதான்னு நெனைக்கேன்.”

அறைக்கு வந்து அழுதேன். கோபம் பாதி, பயம் பாதி. கோளாறு இருக்கிறது என்றால் சரிசெய்யலாம். கோளாறே இல்லை என்றுவிட்டால், வண்டியைத் திருமங்கலத்துக்காரரிடம் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையும் அதே கதைதான். பாய் மேப்பில் இரண்டு கட்டங்களைத் தொட்டார், ஓட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தவர், அவர் ஸ்கூட்டரை அண்ணன் எடுத்துப்போயிருந்ததால் என்னிடம் சாவி கேட்டார். “நானே ஓட்டிப் பாத்த மாரியும் ஆச்சு. தொழுதுட்டு வந்துருதேன்.” நான் போனையும் டேங்க் பையிலேயே விட்டுக் கொடுத்தேன். கடையில் அவர் தங்கை மகள் மர்யம் கல்லாவில் இருந்தாள். சாப்பாடு கட்டி வந்திருந்தது, எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

ஒன்றே முக்காலுக்குப் பாய் வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார்.

“மினி பஸ்ஸ முந்துனேன். பொசுக்குன்னு அணைஞ்சிட்டு. எதுத்தாப்ல ஆட்டோ. அல்லா காப்பாத்துனான். மறுபடி ஏறி ஓட்ட மனசு வரல.”

“கியர எறக்குனீங்களா பாய்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் ஒரு மாதமாக வயிற்றில் வைத்திருந்த கேள்வி.

“எறக்குனேன்” என்றார்.

போனை எடுத்துப் பதிவைத் திறந்தோம். எஞ்சின் சூடு சரி, பேட்டரி சரி. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் என்ற வரியில் மட்டும் எழுபத்தொன்பது டிகிரி என்று இருந்தது. வெளியே நாற்பது. பாய் போனைத் தட்டிப் பார்த்தார், போன் பொய் சொல்கிறதோ என்று. முந்தின நாள் பதிவில் அதே வரி நாற்பத்தைந்தைத் தாண்டவே இல்லை.

“வண்டிய எங்க நிறுத்துனீங்க?” என்றேன்.

“லேட்டாயிட்டுல்லா. பள்ளிவாசல் மரத்தடி பூரா வண்டி. வெட்டவெளில போட்டுட்டு ஓடுனேன்.”

காற்று சூடானால் அடர்த்தி குறையும், அதனால் இசியு பெட்ரோலையும் குறைக்கும். அது சரியான வேலைதான். ஆனால் அந்தச் சூட்டை அளக்கும் சென்சாரைப் பாய் டேங்க்குக்கு அடியில், எஞ்சினுக்கு நேர் மேலே கட்டியிருந்தார். பெட்டியோடு வந்த ஒயர் அதற்குமேல் எட்டவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கறுப்பு டேங்க் மேலிருந்து சுட, எஞ்சின் கீழிருந்து சுட, நடுவில் சென்சார் வெந்துபோனது. உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடில்லை, ஆனால் பெட்டி சென்சாரைத்தான் நம்பும். பெட்ரோலை வெட்டிவிட்டது. மெதுவாகப் போனால் சமாளிக்கும். திடீரென்று முறுக்கினால், பட்டினி கிடந்தவனை ஓடச் சொன்ன மாதிரிதான். பத்து நிமிஷம் ஓடினால் காற்றுப் பட்டு சென்சார் ஆறிவிடும், குறையும் மறைந்துவிடும்.

“அப்ப நம்மூரு இருவது வண்டியும் ஏன் நிக்கல?” என்று பாய் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் கடையில் பெருமாள்சாமி என்ற விவசாயி கலப்பைக்கு நட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம். மிளகாய் விலை நன்றாக இருந்த ஒரு வருஷம் இதே மாடல் வண்டி வாங்கியவர், இதே பெட்டியைப் பாயிடம் போட்டவர். தன் வண்டியை மரத்தடியில் இடம் இல்லாமல் வாசலில் நிறுத்தி, சீட்டோடு டேங்க்கையும் சேர்த்து நனைத்த சாக்கால் மூடியிருந்தார்.

“வெயில்ல எவன் பாய் வண்டியப் போடுவான்?” என்றார். “ஏறி உக்கார வேண்டாமா? எங்கூர்ல சாக்கு இல்லாம ஒருத்தன் வண்டி எடுக்க மாட்டான்.”

பாய் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சீமையில் வண்டியை வெயிலில் விட்டுப் போகிற ஆள் கிடையாது. மரம், பந்தல், சுவரின் நிழல், ஒன்றும் இல்லாவிட்டால் சாக்கு. இருபது வண்டியும் அப்படியே வளர்ந்தவை. பாயும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் வண்டியையும் மரியாதையாக மரத்தடியில் போட்டு, மரத்தடியிலிருந்தே எடுத்துச் சோதித்திருக்கிறார். நான் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஊழியர் வண்டிகளுக்குக் கூரை கிடையாது. காலை ஆறு மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு எடுப்பேன். வண்டி நின்ற இரண்டு நாளும் இரண்டேகாலுக்குள்தான் நின்றது. சர்க்கரை ஏன் ஏறியது, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று தினமும் ஊரார் ரத்தத்தைக் கேள்வி கேட்கிற எனக்கு இது உறைக்கவில்லை.

பாய் உடனே போனை எடுத்து மற்ற இரண்டு வெளியூர்க்காரர்களையும் அழைத்தார். ஒருவர் சரி என்று வைத்துவிட்டார். ராஜபாளையத்துக்காரர் பெட்டியை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டாராம், நல்ல திட்டு. “நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். கொண்டாங்க, பாத்துத் தாரேன்” என்று பாய் நடுநடுவே சொல்லி, திட்டு முடியும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஒயரை ஒட்டி நீட்டி, சென்சாரைக் காற்று வடிகட்டியின் வாய்க்குக் கொண்டுபோனார். சூடு ஏறும்போது பெட்ரோலை எவ்வளவு வெட்டுவது என்ற கணக்கையும் பாய் பாதியாகக் குறைத்தார். காசு வாங்கவில்லை. “நாளைக்கு வெயில்ல நல்லா வேக வச்சு ஓட்டிப் பாருங்க. எடுத்த ஒடனே முந்தணும், சரியா? ஆறுனப்பெறவு முந்துனா ஒண்ணும் தெரியாது” என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்து, பசுவந்தனை வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நிழலே இல்லாத வாகன நிறுத்தம் வேண்டும் என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம், கட்டபொம்மன் மன்னிக்கட்டும். வெட்டவெளியில், டேங்க் சூரியனைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு நினைவுக்கோட்டைக்குள் போனேன். ஹேண்டிலைப் பூட்டவில்லை. முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் வண்டி இல்லை.

கதிகலங்கிவிட்டது. பிறகு பார்த்தால், மதிலோரம் நுங்கு விற்கிற அம்மாளின் ஓலைப் பந்தலுக்குக் கீழே நிற்கிறது.

“ஏம்மா, இந்த வெயில்ல வண்டியப் போட்டுட்டுப் போயிட்டீங்களே. டேங்கு வெடிச்சிரும்லா. அதான் ஆள வச்சு நகட்டுனேன்.”

“இல்லம்மா, வண்டி வெயில்லதான் நிக்கணும்.”

“வெயில்லயா? எதுக்கு, நேத்திக்கடனா?”

விளக்க முயன்றேன். பாதி புரிந்ததா தெரியாது, ஆனால் வண்டியை வெளியே தள்ள அவரே ஒரு கை கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் நான் பந்தலில் உட்கார்ந்து நுங்கு சாப்பிட, போகிற வருகிறவர்கள் எல்லாம் வண்டியைப் பார்த்துவிட்டு நிழலில் போடச் சொன்னார்கள். ஒருவர் ஸ்டாண்டையே எடுத்துவிட்டார். “ஏலே, கைய வைக்காத! அது வேகணுமாம்” என்று அம்மாள் அவரை விரட்டினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு எடுத்தேன். சீட் பழுக்கக் காய்ந்திருந்தது. போனில் காற்று வெப்பம் ஐம்பத்திரண்டு. முன்பு எழுபத்தொன்பது என்றால் இதுவே பாதி வெற்றி. குறுக்குச்சாலை என்ற ஊருக்கு முன்பே, ஓட்டப்பிடாரம் தாண்டிய ரோட்டில் ஓர் உப்பு லாரி கிடைத்தது. தார்ப்பாய் கட்டி, நாற்பதில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே கண்ணுக்கெட்டிய வரை ஒருவரும் இல்லை. கியரை இறக்கினேன். வலது மணிக்கட்டு முறுக்க மறுத்துவிட்டது.

இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் தெரிகிறது, டிப்பர் சத்தமோ காதில் கேட்கிறது. அந்த உப்பு லாரிக்குப் பின்னாலேயே நாற்கரச் சாலைவரை போனேன். அங்கே அது தூத்துக்குடிப் பக்கம் திரும்பிவிட்டது. போனைப் பார்த்தால் நாற்பத்திரண்டு. சென்சார் ஆறிவிட்டது. சோதனை கெட்டது வண்டியால் அல்ல.

அப்படியே மதுரைக்குப் போயிருக்கலாம். வண்டி சரியாகிவிட்டது என்று கணவரிடம் சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அதை எடுக்கப்போவது நான். முந்தத் துணிச்சல் இல்லாமல் வண்டியை மட்டும் காப்பாற்றிவைத்து என்ன செய்வது? எப்போதும்வென்றானில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன், வேண்டுமென்றே வெயிலில். கடைக்காரர் புளியமரத்தைக் கைகாட்டினார். “இங்கயே நிக்கட்டும்ணே” என்றேன். சாப்பாடு எண்பது ரூபாய், கூட ஒரு வத்தல் குழம்பு, நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டே காலுக்குத் திரும்ப எடுத்தேன். ஐம்பத்துமூன்று டிகிரி. இரண்டு கிலோமீட்டரில் சரளை ஏற்றிய ஒரு லாரி. இந்தமுறை யோசித்தால் கை வராது என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை. இன்டிகேட்டர், கண்ணாடி, ஒரு கியர் கீழே, முறுக்கினேன். வண்டி திணறவில்லை. லாரியின் பின் டயர், முன் டயர், ஓட்டுநரின் வெளியே நீட்டிய முழங்கை என்று வரிசையாகப் பின்னால் போயின. இடது பக்கம் வந்த பிறகும் முறுக்கியபடியே இருந்தேன், கொஞ்ச தூரம் கத்திக்கொண்டு போனேன் என்றும் நினைக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் யாருக்கும் கேட்காது. பந்தல்குடி வருவதற்குள் இன்னும் நான்கு வண்டிகளை முந்தினேன், இரண்டு தேவையே இல்லாமல்.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய இசியு நன்றாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், ஒட்டுப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுப் பெட்டிதான் என்றால், வாங்கும் முன்பே அதன் ஒயர் எவ்வளவு நீளம், சென்சார்கள் எங்கே உட்காரும் என்று கேளுங்கள், விலையைவிட அது முக்கியம். பதிவு எடுக்கும் வசதி இல்லாத பெட்டி வேண்டாம், நடந்தது என்ன என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வாரண்டி இருக்கிற வண்டியில் இதைச் செய்தால் வாரண்டி போகும், புகைச் சோதனையிலும் தேறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூன் செய்கிறவர் காலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவி கொடுத்தால் வாங்காதீர்கள். மத்தியானம், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, எடுத்த உடனே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் எப்படி நிறுத்துகிறீர்களோ, எப்படி ஓட்டுகிறீர்களோ அதை அவரிடம் சொல்லிவிடுங்கள், அவராக ஊகிக்க முடியாது. மூன்று நாளில் நான் ஓட்டியது முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அறை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைந்நூறுக்குள் முடிந்தது. சித்திரையில் போவதென்றால் தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு லாரியையும் சேர்த்து. அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திருமங்கலத்துக்காரருக்கு வர வேண்டாம் என்று போன் செய்ததாகவும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சண்டைதான் வரும் என்று படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை அந்த ஆள் சரக்கு ஆட்டோவோடு வந்தே விட்டார். வண்டியைச் சுற்றி வந்து, ஸ்டார்ட் செய்து, முறுக்கிப் பார்த்தார். “நல்லாத்தான சார் இருக்கு, எதுக்குக் கழிக்கிறீங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், “வீணா வரவச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. வண்டி குடுக்கிறதா இல்ல” என்று சொல்லி, ஆட்டோ வாடகையைக் கையில் வைத்து, காபி கொடுத்து அனுப்பினார்.

அவர் போனதும் போர்டிகோவிலிருந்து வண்டியை எடுத்து, வாசலுக்கு வெளியே நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“ரெண்டு மணிக்குக் கெளம்புவோம். நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். ஒரு லாரிய முந்திக் காட்டு.”

“பயமா இல்லையா?” என்றேன்.

“இருக்கு” என்றார். ஒன்றே முக்காலுக்கெல்லாம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.